கண்மாய்ப் பறவைகள்: உறுப்பினர்கள் கவனத்துக்கு

உறவுகளே, வணக்கம். மழை பிடித்துவிட்டது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்களுக்குப் பறவைகள் வந்து கூடு கட்டும் காலம் இது. 1977 முதல் சரணாலயமாக இருக்கும் இந்தக் கண்மாய்களைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பார்க்கப் போகிற நாமும் ஹாரன் அடிக்காமல், கூடு இருக்கும் மரங்களை நெருங்காமல் இருப்போம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவை பதறி எழுந்தால் முட்டையைக் காக்கை தூக்கிவிடும்.

நத்தைகொத்தி நாரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாயை மூடினாலும் அலகுக்கு நடுவே இடைவெளி தெரியும். நத்தையைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை உருவி எடுத்துவிடும். பெரும்பாலும் ஓடு உடையாது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. அப்புறம், பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம்.

நம் ஊர்க் கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டும்போது, நாட்டுக்கருவேல மரங்களைத் தயவுசெய்து விட்டுவைக்கச் சொல்லுங்கள். கொக்கும் வக்காவும் (இராக்கொக்கு) அடைவதும் கூடு கட்டுவதும் அதில்தான். மீன் பிடிப்பவர்கள் கிழிந்த நரம்பு வலையைக் கரையில் போட வேண்டாம், பறவைகளின் காலில் சிக்கும். அடிபட்ட பறவையைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.