மிளகின் வயிறு நீலமான அன்று: உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் ஃபெர்ரெட், அதாவது கீரி போல நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி, மிளகு பிழைத்துக்கொண்டான். வாலில்கூட முடி வந்துவிட்டது. மிச்சிகன் குளிரில் எங்களோடு ஓடிய ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்லியும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் அலுவலகத் தோழிக்கு. இலையுதிர் காலத்தில் மிளகின் வாலில் முடி கொட்டியபோது, முதலில் போன மருத்துவமனையில் பருவம் மாறுவதால் என்றார்கள். அப்படியும் கொட்டும்தான், நாங்களும் நம்பினோம். ஜனவரிக்குள் முடி உதிர்வது பின்முதுகுக்கு ஏறியது. தோல் மெலிந்து, பழுப்பு மஞ்சளாகப் பிசுக்குப் படிந்து, ஓயாமல் சொறிந்தான். பல வருடம் ஃபெர்ரெட் வளர்த்த தோழி படத்தைப் பார்த்ததுமே, "இது தோல் வியாதி இல்லை, அட்ரீனல் சுரப்பியைப் பார்க்கச் சொல்" என்றாள்.

அதற்கு நாள் குறிப்பதற்குள் ஒரு ஞாயிறு இரவு சிறுநீர் வராமல் முக்க ஆரம்பித்தான். அந்த நேரத்தில் கதவைத் திறந்து, குழாய் போட்டு உயிரைக் காப்பாற்றிய மருத்துவருக்கு என்ன சொல்வது! இங்கே கடையில் விற்கும் ஃபெர்ரெட்டுகளுக்குக் குட்டியிலேயே கருத்தடை செய்துவிடுகிறார்கள். விதைப்பை இல்லாததால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தடுக்க ஆளில்லை. அது அனுப்பும் ஹார்மோன் அட்ரீனலைத் தூண்டிக்கொண்டே இருக்க, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் பருப்பளவு இருக்கும் அந்தச் சுரப்பி வீங்கி, பாலின ஹார்மோன்களைக் கொட்டுகிறது. முடி போவதும் அதனால்தான், ஆண் ஃபெர்ரெட்டுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைப்பதும் அதனால்தான். இதை எனக்குப் புரியும்வரை காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வீங்கியது இடப்பக்கச் சுரப்பி. வலப்பக்கமாக இருந்தால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கும், அறுவை சிகிச்சை இன்னும் கடினம் என்றார். சுரப்பியை எடுத்துவிட்டு, தோளுக்கு நடுவே தோலுக்கடியில் டெஸ்லோரெலின் வைத்தார். தூண்டிவிடும் அந்த ஹார்மோனை அடக்கும், அரிசி மணி போல ஒரு மருந்து. இவ்வளவு சின்ன உயிருக்கு இவ்வளவு செலவா என்று வேறு சிலர் கேட்டார்கள். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அப்புறம் அந்த நீலம். சில வாரம் கழித்து ஒரு காலை, சிரைத்த வயிறு முழுக்க ரத்தம் கட்டியது போல நீலமாக இருந்தது. கை நடுங்க மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்த செவிலிப் பெண் பதறவில்லை. "ஈறு என்ன நிறம்? சாப்பிட்டானா? நீலம் சிரைத்த இடத்தில் மட்டும்தானா?" ஈறு ரோஜா நிறம், தட்டு காலி, நீலம் அங்கே மட்டும். "அப்படியானால் முடி வருகிறது. தோலுக்கடியில் புது முடியின் நிறம்தான் தெரிகிறது. ஈறு வெளுத்தாலோ நீலமானாலோ மட்டும் உடனே ஓடி வாருங்கள்." போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பத்து நாளில் அந்த நீலத்தின் மேல் கறுப்பு முடி முளைத்தது. தங்கையே, நீ கேட்ட அந்த மூன்று கேள்விகளை நான் மறக்கவே மாட்டேன்.

எதிர்வீட்டு அக்கா, நாங்கள் வேலைக்குப் போன நாட்களில் உப்பில்லாமல் கோழி வேகவைத்து, மசித்து, சில மணிக்கு ஒருமுறை விரலில் எடுத்து ஊட்டியது நீங்கள்தான். வயிறு காயவிட்டால் ஃபெர்ரெட்டுக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம் என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் எவர்சில்வர் கிண்ணம் இரண்டும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மிளகோடு கொண்டுவருகிறேன்.