செயலாளர் ஆண்டறிக்கை: இறக்கை, வால் அளவெடுப்பு குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அரங்க வாடகை விவரமும் அதிலேயே இருக்கிறது. இந்த ஆண்டு நமக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது போட்டி விமானங்களின் இறக்கை, வால் அளவெடுப்பைப் பற்றித்தான் என்பதால், அதையே விரிவாக எழுதியிருக்கிறேன்.

அரங்கத்துக்குள் நாம் பறக்கவிடும், முறுக்கிய ரப்பரால் இயங்கும் மாதிரி விமானங்களில், லிமிடெட் பென்னி பிளேன் என்ற போட்டிப் பிரிவில் இறக்கை நீளம் 18 அங்குலத்தையும் அகலம் 5 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. வாலுக்கு 12, 4 அங்குலம். பழைய அமெரிக்கச் செம்புக்காசின் எடையான 3.1 கிராமுக்குக் குறையாமல் விமானம் இருக்க வேண்டும். எஃப்1டி என்ற சர்வதேசப் போட்டிப் பிரிவில் இறக்கை அதிகபட்சம் 550 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், வால் நீளம் 450 மி.மீ. குறைந்தபட்ச எடை வெறும் 1.4 கிராம்! இறக்கைப் பரப்பு கூடினால் விமானம் இன்னும் மெதுவாகப் பறக்கும், ரப்பரின் முறுக்கும் நிதானமாகச் செலவாகும். அதனால் எல்லோரும் வரம்பை ஒட்டியே கட்டுகிறோம். சிக்கலும் அங்கேதான் வருகிறது.

நுனி உயர்ந்த இறக்கையைச் சிலர் மேற்பரப்போடு நூல் பிடித்து அளந்தார்கள். அது தவறு. விதி கேட்பது மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியும் நீளத்தை. 100 மி.மீ. நுனிப்பகுதியை 40 மி.மீ. உயர்த்தினால், மேலிருந்து தெரிவது 92 மி.மீ. கூட இல்லை. இரு பக்கமும் சேர்த்து 16 மி.மீ.க்கு மேல் வீணாகிறது. அந்த உறுப்பினர்கள் தமக்குரிய இறக்கையை முழுதாகப் பயன்படுத்தாமலே போட்டியிட்டிருக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பாதியை அளந்து இரட்டிப்பதும் ஆகாது. இடப்பக்கம் வட்டமடிக்க வேண்டும் என்று பலர் இடது இறக்கையைக் கொஞ்சம் நீட்டித்தான் கட்டுகிறார்கள்.

அகலத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். இறக்கையின் குறுக்குச் சட்டமான ரிப்பைச் சரியாக 127 மி.மீ.க்கு (5 அங்குலம்) நறுக்கிவிட்டு, அப்புறம் முன்னும் பின்னும் பால்சா மரக் குச்சி ஒட்டினால் அளவு தாண்டிவிடும். குச்சியின் தடிமனும் கணக்கில் சேரும். வால் தட்டையானது, அளக்க எளிது. ஆனால் பெரும்பாலும் கடைசி நேர அவசரத்தில் கட்டப்படுவது வால்தான், அதையும் விடாமல் அளக்க வேண்டும்.

இப்போது பொதுவான அளவுப்பலகை ஒன்று செய்திருக்கிறோம். பலகையில் ஸ்கேல், அதை ஒட்டி ஒரு கண்ணாடிப் பட்டை. ஒற்றைக் கண்ணால் பார்த்து, இறக்கை நுனியும் கண்ணாடியில் அதன் பிம்பமும் ஒன்றாகச் சேரும்போது ஸ்கேலைப் படிக்க வேண்டும். விமானத்தைத் தொட வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்தியிருக்க வேண்டும்; பக்கத்தில் நிற்பவர் மூச்சு விட்டாலே இறக்கை அசையும்.

வரும் ஆண்டு முதல், முதல் பறப்புக்கு முன்பே எல்லா விமானங்களையும் முழுதாகப் பூட்டிய நிலையில் இந்தப் பலகையில் அளக்கவும், இறக்கையைப் பழுதுபார்த்தால் மறுபடி அளக்கவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இதையும் இவ்வறிக்கையையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்