பாண்டியாக் எஞ்சின் இறக்கிய கதை

டிராய், மிச்சிகன்
பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்களாவது சொல்லுங்கள். அத்தையிடம் கேட்டால் எப்போதும் "பரவாயில்லை"தான். இங்கே பனி இன்னும் விடவில்லை. ரோட்டில் உப்பைக் கொட்டித்தான் பனியைக் கரைக்கிறார்கள். அந்த உப்பு வண்டிகளின் அடித்தகட்டை அரித்துத் தின்றுவிடுகிறது.

போனில் பாதியில் நின்ற கார் விஷயத்தை விவரமாக எழுதச் சொன்னீர்களே. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜெனரல் மோட்டார்ஸின் பாண்டியாக் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் கராஜில் 1968 பாண்டியாக் ஜிடிஓ கார் ஒன்று நிற்கிறது. அவருடைய அண்ணன் புதிதாக வாங்கிய வண்டி. சனிக்கிழமையானால் நான் அங்கேதான். இந்தத் தெருவில் யாரும் லேசில் பேச்சுக் கொடுப்பதில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் என்றால் மட்டும் கராஜ் கதவு திறக்கிறது.

இந்த ரகத்தை மசில் கார் என்கிறார்கள். நடுத்தரக் காரில் பெரிய எஞ்சினைத் தூக்கி வைப்பது, அவ்வளவுதான். அந்த அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பாண்டியாக்காரர்கள் 1964-இல் டெம்பெஸ்ட் காருக்கு, விரும்பினால் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் ஐட்டமாக 389 எஞ்சினைக் காட்டி நழுவிவிட்டார்கள். அதுதான் முதல் ஜிடிஓ. 1967-இல் எஞ்சின் 400 ஆகிவிட்டது. பெரியவரின் 1968 வண்டியில் எட்டு சிலிண்டர், 6.6 லிட்டர், 350 குதிரைத்திறன். நம் அம்பாசடருக்கு ஒன்றரை லிட்டர்தானே!

எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினால், ஒரு சிலிண்டரில் தண்ணீர் நின்று சுவரெல்லாம் குழி. சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பை, அதாவது பிளாக்கை, வேறு வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். பெரியவர் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. பிளாக்கின் முன்பக்கம் வண்டி நம்பரின் ஒரு பகுதி குத்தியிருக்கிறது. அது காரின் நம்பரோடு பொருந்தினால்தான் இந்த எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்தது என்று அர்த்தம். வார்ப்பிலேயே தேதியும் உண்டு. எழுத்து மாதம், அடுத்து நாள், கடைசி இலக்கம் வருடம். இவை பொருந்தாவிட்டால் விலை படுத்துவிடும். அதனால் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தத் திருட்டு எல்லா ஊரிலும் உண்டு போல.

கடைசியில் சுவர்த் தடிமனை அளந்து பார்த்து, அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் உள்ளே ஸ்லீவ் என்ற குழாயை அடித்து, எட்டையும் 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு) பெரிதாகக் கடைந்து போர் பண்ணியாயிற்று. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு.

டைமிங் செயின் மாட்டும் மேல் சக்கரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சக்கரம் அலுமினியம், பல் மட்டும் நைலான். சத்தம் குறையட்டும் என்று அப்படிச் செய்தார்களாம். வயதானால் பல் நொறுங்கி அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும். எங்கள் வலையிலும் வெட்டிப்போட்ட நகம் மாதிரி பழுப்புத் துண்டுகள். இதில் மட்டும் பெரியவர் ஒரிஜினல் என்று அடம்பிடிக்கவில்லை. முழு ஸ்டீல் செட் போட்டாயிற்று, கவருக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. பழைய சக்கரத்துக்குச் சீட்டு எழுதிக் கட்டி டப்பாவில் வைத்திருக்கிறார். ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது இல்லாததால் வால்வு வந்து உட்காரும் வளையமும் (சீட்) கெட்டி ரகம். கார்புரேட்டர் அதே பழைய ரோச்செஸ்டர் கம்பெனியுடையது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் உள்ளே ரப்பர் சாமான் மட்டும் மாறியது.

எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. திரும்பக் கழற்ற முடிகிற எதையும் மாற்றலாம், வெட்டவும் ஓட்டை போடவும் கூடாது. கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏறிப் போய் இறங்கும் கார்களைப் பார்த்தால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கும்தான். ஓடாத வண்டிக்கு எதற்கு ஒரிஜினல் கார்புரேட்டர்?

எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கிரீஸைத் துணியால்தான் துடைக்க வேண்டும், கம்பி பிரஷ் கூடாது என்றார். துடைக்கத் துடைக்க அடியில் மஞ்சள் சாக்கில் ஒரு கிறுக்கல். தொழிற்சாலை லைனில் சரிபார்த்தவர் போட்ட குறி. உடனே போட்டோ எடுத்துவிட்டு, பெயின்ட் படாமல் அதன்மேல் டேப் ஒட்டினார். அந்த லைனிலேயே வேலை பார்த்த மனிதர் அல்லவா!

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை இங்கே உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களெல்லாம் ஊர்வலமாக ஓடும். 1995-இலிருந்து நடக்கிறது. அதற்குள் வண்டி ரோட்டுக்கு வர வேண்டும் என்கிறார். அதனால் உங்களிடம் ஒரு யோசனை. கிராங்க் தண்டின் பின்பக்கம் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் சீல் இதில் கயிறு. ஒழுகும் என்று பலரும் ரப்பருக்கு மாறிவிட்டார்கள், இவர் கயிறுதான் என்கிறார். நீங்கள் மாசி பெர்குசன் டிராக்டருக்கு இதே மாதிரி கயிறு போட்டு உட்கார வைப்பீர்களே, எண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள்? முனையை மட்டமாக வெட்டுவீர்களா, கொஞ்சம் தூக்கலாக விடுவீர்களா? பட்டறையில் கேட்டாவது போனில் சொல்லுங்கள். கிராங்க்கை உட்கார வைக்காமல் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
குமார்