இரவு முறைக்கு மேலதிகக் கொடுப்பனவு நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவிலும் பண்டிகை நாட்களிலும் கடமைக்கு வருவோருக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்குவது பகல் முறையில் உள்ளவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்ற முறைப்பாடு திருகோணமலை வேலைத்தளங்களில் அவ்வப்போது எழுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு விதமான சம்பளம் எதற்கு என்று கேட்கிறார்கள். துறைமுகத்திலோ, வைத்தியசாலை விடுதியிலோ, சீனக்குடாப் பக்கத்து ஆலைகளிலோ அதிகாலை இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் பகலில் நடக்கும் அதே வேலையைத்தான் செய்கிறார் என்றாலும், அதற்காக அவருடைய உடல் இழப்பது அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், உடலின் நேர ஒழுங்கைக் குலைக்கும் முறைமாற்று வேலையை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வகையில் 2007 இல் சேர்த்து, 2019 இல் இரவு வேலையை அதே வகையில் மீண்டும் வைத்தது. ஆகவே கொடுப்பனவு சலுகையன்று, ஈடு.

ஆனால் இதே காரணத்தினால்தான், பணத்தை மட்டும் கூட்டிக் கொடுத்துவிட்டு "விரும்பியவர் வரலாம்" என்று அறிவிப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2022 இன் விலையேற்றத்திற்குப் பின் அடகு வைத்த நகையை இன்னும் மீட்க முடியாதிருக்கும் ஒருவர் மாதம் முழுவதும் இரவிலேயே நிற்கச் சம்மதிப்பார். வசதியுள்ளவர் பகலைத் தனதாக்கிக்கொள்வார். பெயரளவில் அது விருப்பத் தெரிவு.

பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களை வேலைக்கமர்த்தல் பற்றிய 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்திற்கு 1984 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. கைத்தொழில் நிறுவனங்களில் பெண்களை அவர்களின் விருப்பத்துக்கு மாறாக இரவு வேலைக்கு அமர்த்தக்கூடாது என்றும், வழமையான கொடுப்பனவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்றும், ஒரு மாதத்தில் பத்து நாட்களுக்கு மேல் இரவில் அமர்த்தக்கூடாது என்றும் அது விதித்தது. ஈடு, சம்மதம், எல்லை ஆகிய மூன்றும் ஒன்றாக வைக்கப்பட்டன. பத்து நாள் எல்லையால் தமது வருமானம் குறைகிறது என்று சொல்லும் பெண்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எனினும் தூக்கமிழக்கும் ஆணின் உடல் வேறு விதமாக அமைந்ததல்லவே. இம்மூன்றும் ஆண்களுக்கும் ஏன் பொருந்தக்கூடாது?

பண்டிகை நாள் வேறு கதை. தைப்பொங்கலுக்கு முஸ்லிம் சகபாடியும், நோன்புப் பெருநாளுக்குத் தமிழரும், வெசாக்குக்கு இவ்விருவரும் சிங்களவரின் முறையை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எமது நகரில் பழையது. ஒருவருக்குக் கசக்கும் நாள் மற்றவருக்குச் சாதாரண நாளாக இருப்பதால், இங்கே முறைமாற்றத்துக்கு இடமளிப்பதே போதும். முகாமையாளர் அதைத் தடுக்காமலிருந்தால் சரி.

எனவே இரவு முறைக்கான ஈட்டின் ஒரு பகுதியைப் பதில் விடுமுறையாகவும், மற்றொரு பகுதியைப் போக்குவரத்தாகவும் வழங்குமாறு நிறுவனங்களையும் தொழிற்சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு முறை முடிந்து கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ முச்சக்கரவண்டியில் திரும்ப வேண்டியவருக்கு, சம்பளத் துண்டில் ஏறிய தொகையின் பெரும்பங்கு அந்தப் பயணத்திலேயே போய்விடுகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.