மருந்தியல் தேர்வில் மருந்துக் கணக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். செவிலியர் பட்டப்படிப்பில் மருந்தியல் பாடம் மூன்றாம், நான்காம் பருவங்களில் வருகிறது. மருந்தின் வகை, செயல்படும் விதம், பக்கவிளைவு, செவிலியரின் பொறுப்பு என்று கேட்டால் மாணவிகள் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள். வார்டில் டிரேயைக் கையில் எடுத்ததும் எழுகிற கேள்வி வேறு. இந்தக் குப்பியில் ஒரு மில்லிக்கு எவ்வளவு மருந்து இருக்கிறது, எனக்கு எத்தனை மில்லி வேண்டும்? இதைத் தனியே சோதித்துப் பார்த்த பிறகு மாணவியை வார்டுக்கு அனுப்பும் கல்லூரிகள் குறைவு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5 மில்லி குப்பி இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், குப்பி முழுவதும் சேர்த்தே 5,000. மற்றதில் மில்லிக்கே 5,000, குப்பிக்கு 25,000. ஆக, ‘5000’ என்ற எண் இரண்டு லேபிளிலும் இருக்கும். 5,000 யூனிட் போட வேண்டுமென்றால் முதலாவதில் முழுக் குப்பி, இரண்டாவதில் ஒரே ஒரு மில்லி. மாறிப்போனால் ஐந்து மடங்கு. ரத்தக்கசிவு தொடங்கிய பின் அதன் முறிமருந்தான புரோட்டமின் தேடி ஓடவேண்டியதுதான்.

இன்சுலினில் இன்னும் சிக்கல். நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் குப்பி மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். அந்த வீரியத்துக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா வேலை செய்யவில்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் ஏறுவது 20 யூனிட் அல்ல. அந்தக் கோடு அரை மில்லி. அதில் இருப்பது 50 யூனிட். இரவு டியூட்டியில் இது நடந்தால், நோயாளி தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், விடியும்போது எழுப்பினால் எழமாட்டார். தலைகீழாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் அதே 20 வரை எடுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் அளவை ஏற்றுவார், மறுநாள் வேறொருவர் சரியான சிரிஞ்சில் அந்த ஏற்றிய அளவைப் போடுவார். மூடியின் நிறத்தையும் குப்பியின் எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

குழந்தைகள் வார்டில் பாராசிட்டமால். சொட்டு மருந்தில் மில்லிக்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி., அதாவது மில்லிக்கு 25. ஆறு கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 90 மி.கி. சொட்டு மருந்தானால் 0.9 மில்லி, சிரப்பானால் 3.6 மில்லி. சிரப்புக்குச் சொன்ன அளவை அம்மா சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு. இரண்டு நாள் தொடர்ந்தால் அந்தப் பிஞ்சுக் கல்லீரல் தாங்காது. டிஸ்சார்ஜ் அன்று ‘இத்தனை மில்லி’ என்று வாயால் சொல்லி அனுப்பாமல், அவர்கள் கையில் இருக்கும் பாட்டிலையே வாங்கிப் பார்த்து, அளவுக் குழாயில் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

மக்னீசியம் சல்பேட் தரும் இடத்தில் கணக்கும் மருந்தியலும் பிரிக்க முடியாதவை. ஜன்னி கண்ட கர்ப்பிணிக்கு முதலில் நரம்பில் 4 கிராம். 50 சதவீத ஆம்பூல் (உடைத்துத் திறக்கும் சிறு குப்பி) 2 மில்லியில் 1 கிராம் இருப்பதால் நான்கு ஆம்பூல், 8 மில்லி. 12 மில்லி சலைன் சேர்த்தால் 20 மில்லி, 20 சதவீதம். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம். அடுத்த வேளைக்கு முன் மூன்று சோதனை: முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் தானே உதறுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா. இதைப் பட்டியலாக ஒப்பிக்கும் மாணவியிடம் ‘ஏன்?’ என்று கேளுங்கள். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது; சிறுநீர் குறைந்தால் உடம்பிலேயே தேங்கும். தேங்கினால் முதலில் போவது முழங்கால் அனிச்சை, அதற்குப் பிறகே மூச்சு. காரணம் தெரிந்தவள் முழங்காலைத் தட்டாமல் சிரிஞ்சைத் தொடமாட்டாள். முறிமருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியையும் பக்கத்திலேயே வைத்திருப்பாள்.

கணக்கில் இரண்டு ஆம்பூலுக்கு மேல் உடைக்கச் சொன்னால் நின்று மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம். மேலே சொன்ன மக்னீசியம் அதற்கு விதிவிலக்கு. விதிவிலக்கு என்று தெரிந்திருப்பதும் படிப்புதான்.

இருவர் சரிபார்ப்பது என்பது பல வார்டுகளில் பெயருக்கு நடக்கிறது. ‘அக்கா, ரெண்டு எம்எல் சரிதானே?’ என்று கேட்டால், கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் நிமிராமலே ‘ம்’ என்பார். விடையைச் சொல்லிக் கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. கேஸ் ஷீட்டையும் ஆம்பூலையும் நீட்டி, ‘எவ்வளவு வருது, போட்டுப் பாருங்கக்கா’ என்று கேட்க வேண்டும். நோயாளியிடமும் அப்படியே. ‘லட்சுமியம்மா நீங்கதானே?’ என்றால் காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். ‘உங்க பேரு சொல்லுங்கம்மா’ என்றால்தான் ஆள் தெரியும்.

செய்யக்கூடியவை எளியவை. வார்டுக்கு அனுப்பும் முன் பத்துக் கணக்கு; பத்தும் சரியானால்தான் தேர்ச்சி, தவறினால் மறுபடி எழுதட்டும். ஒன்பது சரி என்றால் அந்தப் பத்தாவது யாரோ ஒரு நோயாளி. பயிற்சி அறையில் வெறும் தண்ணீரைச் சிரிஞ்சில் இழுத்துப் பழகுவதோடு நிறுத்தாமல், வார்டில் காலியான குப்பி, ஆம்பூல்களை லேபிளோடு சேர்த்துவைத்துப் படிக்கச் சொல்லலாம். பல்கலைக்கழகத் தேர்விலும் ஒரு கேள்வி லேபிள் படத்தோடு வரட்டும்.

மருத்துவமனைகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலும் ஊசி கலக்கும் தண்ணீர் ஆம்பூலும் ஒரே டிரேயில் கிடக்கின்றன. கலக்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலப்பதிலும் தவறு உண்டு: தொங்குகிற பாட்டிலில் ஊசியால் ஏற்றினால், கனமான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். ட்ரிப்பை நிறுத்தி, பாட்டிலை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, சேர்த்த அளவை லேபிளில் எழுதிய பிறகே தொங்கவிட வேண்டும். அடர் பொட்டாசியத்தைப் பொது வார்டிலிருந்து அகற்றித் தனியே பூட்டிவைக்க உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. டிரேயிலிருந்து அதை எடுத்து அலமாரியில் பூட்டுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கண்காணிப்பாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
செவிலியர் கல்லூரி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி