பேசிக்கொண்டே ஓடும் வேகம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் உன் கேள்விதான். "முப்பது வருடம் கழித்து மறுபடி ஓடப் போகிறேன், என்ன ஷூ வாங்கட்டும்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஷூவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் முழங்காலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழங்காலைப் பற்றிச் சொன்னால் போன வருடம் நான் ஓடிய ஓட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அதனால் கடிதம் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படி.

நானும் போன வருடம்தான் மறுபடி ஆரம்பித்தேன். கொஞ்சம் நிலைத்து ஓடிய பிறகு உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். நல்ல ஷூ ஒன்று வாங்கினேன், ஜிபிஎஸ் கைக்கடிகாரமும் வாங்கினேன். முதல் நாள் மூன்று கிலோமீட்டரை 21 நிமிடத்தில் ஓடினேன். மறுநாள் 20 நிமிடம் 40 விநாடி. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் குறைந்தது. நேற்றைய கணக்கை இன்று முறியடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் என்னிடம் இருக்கவில்லை. மூச்சு இரைக்க வீடு திரும்பி, கடிகாரத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். எட்டு வாரம் நன்றாகத்தான் போனது. ஒன்பதாவது வாரத்தில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதுபோல வலிக்கத் தொடங்கியது. சமதளத்தில் நடந்தால் ஒன்றும் தெரியாது. மாடிப்படி இறங்கினால் உயிர் போகும்.

பிசியோதெரபி செய்யும் ஓர் அம்மையாரிடம் போனேன். குற்றம் ஷூவில்தான் இருக்கும் என்று நம்பி அதையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய்ச் சேரும் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது என்றும், ஓட்டத்தைத் திடீரென்று கூட்டுகிறவர்களுக்கு அந்த இடத்தில் வலிப்பது சாதாரணம் என்றும் விளக்கினார். பிறகு, "ஓடும்போது உங்களால் யாருடனாவது பேச முடிகிறதா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் மூன்று வருடம் நாம் இருவரும் விடிவதற்கு முன் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவோமே, அப்போது உன் வாய் ஓய்ந்ததே கிடையாது. முந்தின இரவு படித்த நாவலைச் சொல்லத் தொடங்கினால், பத்துச் சுற்று முடிந்த பிறகும் கதாநாயகன் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டான். நம் காலில் இருந்தது தட்டையான ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ. கையில் கடிகாரம் கிடையாது. அந்த மூன்று வருடத்தில் நம் இருவருக்கும் ஒருநாளாவது முழங்கால் வலித்ததாக நினைவில்லை. வயது ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ பேசிக்கொண்டே வந்ததால் பேச்சு தடைப்படும் வேகத்துக்கு நாம் போகவே இல்லை. உன் கதைதான் நமக்குக் கடிவாளமாக இருந்திருக்கிறது. தனியாக ஓட ஆரம்பித்த எனக்கு அந்தக் கடிவாளம் இல்லாமல் போய்விட்டது.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது மாதத்தில் மூச்சு சுலபமாகிவிடும், இன்னும் வேகமாகப் போகலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் கால் இன்னும் தயாராகியிருக்காது. பத்துக் கிலோமீட்டர் ஓடினால் பத்தாயிரத்துக்கு மேல் அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு சுமை ஒற்றைக் காலில் இறங்குகிறது. நான் சிக்கிக்கொண்டது மூச்சுக்கும் காலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான். நீயும் என் வயதுக்காரன். நீ சிக்கக் கூடாது என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

இனி ஷூ. நீ கடைக்குச் சாயங்காலம் போ. நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையையே போட்டுக்கொண்டு போ. பெரும்பாலானோருக்கு இரண்டு பாதமும் ஒரே நீளம் இருக்காது, நீளமான பாதத்துக்கு அளவு பார். எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. நான் முதலில் வாங்கிய ஜோடி அரை அளவு சிறியது. நெடுந்தூரம் ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் கட்டைவிரல் நகம் கறுத்தது, பிறகு கழன்றே விழுந்தது. புது நகம் முழுதாக வளர ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள். இப்போது பாதி வந்திருக்கிறது.

விற்பவர் உன் பாத வளைவைப் பார்த்து இந்த வகைதான் உனக்கு ஏற்றது என்பார். கேட்டுக்கொள், ஆனால் முடிவைக் காலிடம் விடு. கடைக்குள் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடிப் பார். எங்கும் உறுத்தாமல், அணிந்திருக்கிறோம் என்ற நினைப்பையே மறக்கடிக்கும் ஜோடி எதுவோ அதை எடு. ஒன்றை மட்டும் விசாரி: குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று. வழக்கமான ஷூக்களில் 8 முதல் 12 வரை இருக்கும். தட்டையானதற்குத் திடீரென மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதல் பாரத்தைச் சுமக்க வேண்டிவரும். இத்தனை வருடம் உயர்ந்த குதியிலேயே நடந்த நமக்கு அந்த மாற்றம் நல்லதல்ல.

வெறுங்காலில் ஓடலாமா என்றும் எழுதியிருந்தாய். எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவை நினைத்துத்தான் கேட்டிருப்பாய். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார், உண்மை. அன்று கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால் அப்படியே ஓடிவிட்டார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அதே பிகிலா ஷூ அணிந்து ஓடி மூன்று நிமிடம் முன்னதாகவே வந்து மறுபடி தங்கம் வாங்கினார். பொருந்தாத ஷூவைவிட வெறுங்கால் மேல், பொருந்திய ஷூ கிடைத்தால் அதை அணிவதில் குறைவில்லை என்றுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அடிநுரைக்குள் விறைப்பான கார்பன் தட்டு வைத்த ஷூவும் வேண்டாம். 2019 அக்டோபரில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியதை நீயும் பார்த்திருப்பாய். அவர் காலில் இருந்தது அந்த வகைதான். அதற்குப் பிறகு உலகத் தடகளச் சங்கம் சாலைப் போட்டிகளுக்கான ஷூவின் அடி 40 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது, உள்ளே ஒரு தட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அவ்வளவு வீரியமான கருவி அது. வேகமாக ஓடுகிறவர்களுக்காகச் செய்தது. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் நமக்கு அந்த உயரமான மெத்து நுரை கணுக்காலைத் தள்ளாட வைக்கிறது. ஒருவரிடம் இரவல் வாங்கி ஓடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

லேஸ் கட்டும் விதம் ஒன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஓடும் ஷூவில் மேலே கணுக்காலை ஒட்டிக் கூடுதலாக ஒரு துளை இருக்கும். அது எதற்கு என்று தெரியாமல் பல மாதம் விட்டுவைத்திருந்தேன். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளையிலிருந்து அந்தக் கூடுதல் துளைக்குள் விட்டால் சின்ன வளையம் ஒன்று உண்டாகும். இரு பக்கமும் அப்படிச் செய்து, ஒரு பக்கத்து நுனியை மறுபக்கத்து வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டு. குதிகால் அசையாமல் உட்காரும், விரல்கள் முன்னால் போய் முட்டாது. இன்னொரு நகம் கறுக்காமல் இருப்பது இதனால்தான்.

காலுறை பருத்தியில் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஈரத்தோல் உராய்ந்தால் கொப்புளம். நீண்ட ஓட்டத்துக்கு முன் தொடை இடுக்கிலும் அக்குளிலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்.

உன் மனைவியும் ஓட வருவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் என் மனைவி ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். அவள் ஐந்து மாதமாக நடையும் ஓட்டமுமாகப் போகிறாள். ஷூவைவிட முதலில் வாங்க வேண்டியது சரியாகப் பொருந்தும் ஸ்போர்ட்ஸ் பிரா, அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்கிறாள். அப்படி ஒரு பொருள் 1977இல்தான் உருவானது. அமெரிக்காவில் ஓட்டப் பழக்கமுள்ள ஒரு பெண்ணும் அவருடைய தோழிகளும் ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உள்ளாடை இரண்டை இணைத்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். அதுவரை எத்தனை பெண்கள் வலியால் ஓட்டத்தை விட்டிருப்பார்கள் என்று அவள் கேட்டாள். ஆண்களான நாம் இதைப் பற்றி ஒருபோதும் யோசித்ததில்லை.

கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என்னை அலைக்கழித்தது அதுதான். நாம் மைதானத்தைச் சுற்றிய காலத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000 மே மாதத்தில்தான் அதை நிறுத்தியது. இன்று மணிக்கட்டில் கட்டியிருப்பது சில மீட்டர் பிசகில் நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஆனாலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஓடினால் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் கணக்கு தவறுகிறது. ஒருநாள் நான் ஓடிய பாதை ஒரு கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்ததாக வரைபடம் காட்டியது. அன்றைய 'சாதனை வேகம்' அப்படி வந்ததுதான்.

இதயத்துடிப்புக் கணக்கு இன்னும் நுட்பமானது. கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு எரியும். தோலுக்குக் கீழே இரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப, திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அதை வைத்துத்தான் அது துடிப்பை எண்ணுகிறது. ஓடும்போது கை ஆடுவதால், சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மெதுவாக ஓடிய ஒரு காலையில் நிமிடத்துக்கு 168 என்று காட்டியதைப் பார்த்துப் பயந்துபோய் நின்றேன். கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 130தான். என் காலடி வேகம்தான் 168. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, இறுக்கமாகக் கட்டிய பிறகு இந்தக் குழப்பம் குறைந்தது. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் அது இன்னும் நம்பகமானது.

ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் கன்னர் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்றை அந்தப் பிசியோதெரபி அம்மையார் எனக்குக் கற்றுத் தந்தார். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதற்கு 6 முதல் 20 வரை நீயே மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஏன் 6இல் தொடங்குகிறது தெரியுமா? அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான இளம் வயதினரின் இதயத்துடிப்புக்கு ஏறத்தாழ ஒத்துவரும். உடம்புக்குத் தன் பாடு தெரிந்திருக்கிறது, பார். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், பெரும்பாலும் 11, 12 என்ற அளவிலேயே. புதன்கிழமை மட்டும் ஃபார்ட்லெக். அதுவும் 1930களில் ஸ்வீடனில் பிறந்ததுதான், வேக விளையாட்டு என்று பொருள். அந்த மின்கம்பம்வரை வேகமாக, அடுத்த திருப்பம்வரை மெதுவாக, மனம் போனபடி ஓடுவேன். அன்று கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன். முழங்கால் நான்கு மாதமாக வலிக்கவில்லை.

நீ முதலில் மருத்துவரிடம் ஒருமுறை இரத்த அழுத்தமும் இதயமும் பரிசோதித்துக்கொள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். நான் முழங்கால் ஆறிய பிறகு இப்படித்தான் திரும்பத் தொடங்கினேன். முதல் வாரம் இது போதவில்லை என்று தோன்றும், கூட்டாதே. இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு வாரம் இரண்டு முறை பயிற்சி கொடு: ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டியபடி தூக்கி இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ஷூவின் அடியைப் படம் எடுத்து அனுப்பு. குதியின் வெளியோரம் தேய்ந்திருந்தால் கவலைப்படாதே, பெரும்பாலானோர் அப்படித்தான் கால் பதிக்கிறார்கள். ஒரு கால் மட்டும் வேறுமாதிரி தேய்ந்திருந்தால் எனக்கு எழுது. புதியது வாங்கியதும் தேதியைக் குறித்து வை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் உள்நுரை நசுங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

நான் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புவேன். நீயும் அதே நேரத்துக்குக் கிளம்பு. போன் செய்கிறேன், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள், மற்றக் காது சாலைக்கு வேண்டும். நான் ஓடும்போது நீ நடந்தாலும் பரவாயில்லை. நாம் சேர்ந்து ஓடிய கடைசி வருடத்தில் மழை பிடித்துக்கொண்டதால் மைதான வாசலில் பாதியில் நிறுத்தினாயே ஒரு நாவல், அந்தக் கப்பல் கரை சேர்ந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை முதலிலிருந்து சொல்.

அன்புடன்,
உன் நண்பன்