டெய்ம்லருக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஏன்?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'போலீஸ் ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்' கட்டுரை, கார்களை உச்ச வேகத்தை வைத்தே வரிசைப்படுத்தியிருந்தது. ரோம் போலீசின் ஃபெராரி 250 ஜிடிஇ முதலிடம், லண்டன் பெருநகரப் போலீசின் டெய்ம்லர் எஸ்பி250 கடைசி. 'ஆட்டோமேட்டிக் கியர் போட்டு நல்ல காரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு வரி வேறு. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1960களின் தொடக்கத்தில் லண்டன் சாலைகளில் மணிக்கு 100 மைல் தொடத் துடித்த பைக் இளைஞர்களைப் பிடிப்பதுதான் டெய்ம்லரின் வேலை. கார் சாலையோரம் காத்து நிற்கும். பைக் கடந்ததும் நின்ற இடத்திலிருந்தே பாய வேண்டும். ஒரு ஷிஃப்டில் பல முறை இப்படிப் பாய்ந்தால் கிளட்ச் பிளேட் வழுக்கிச் சூடேறி, முகம் கண்ணாடிபோல் ஆகிப் பிடிப்பை இழக்கும். பிளேட் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதுவரை கார் பணிமனையில் கிடக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழுக்கலை, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் வாங்கிக்கொள்கிறது, தேய்வதற்குப் பிளேட் இல்லை. ஆட்டோமேட்டிக்கால் பிக்-அப் கொஞ்சம் குறையும்தான். ஆனால் 2,547 சிசி வி8 இன்ஜின், 140 குதிரைத்திறன், எடை குறைந்த ஃபைபர்கிளாஸ் உடல் என்றிருக்கும்போது அந்த இழப்பைத் தாங்கலாம்.

டெய்ம்லரின் உண்மையான குறை சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம். 1959இல் வெளிவந்த முதல் கார்களில் அது முறுக்கிக்கொள்ளும். வேகமாக வளைவில் திரும்பினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஜாகுவார் 1960இல் டெய்ம்லரை வாங்கிய பிறகு, 1961 முதல் வந்த கார்களில் சேஸிஸையும் உடலையும் பலப்படுத்தினார்கள். இன்று பழைய எஸ்பி250 வாங்கப் போகிறவர் முதலில் பெயின்டைப் பார்க்க வேண்டாம். முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கட்டும். உரசினாலோ தாழ் விழாவிட்டாலோ சேஸிஸ் பலவீனம். கதவுக் கீலருகே நட்சத்திரம்போல விரிசல் இருந்தால் பட்டி பூசி மறைத்துப் பயனில்லை. பொருத்துமிடங்களைச் சரிசெய்யாவிட்டால் மறுபடியும் விரியும்.

ஃபெராரியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 3 லிட்டர் வி12, மூன்று வெபர் கார்புரேட்டர், 24 வால்வு கொண்ட இன்ஜின் நகர நெரிசலில் ஐட்லிங்கில் நின்றுகொண்டே இருந்தால் பிளக்கில் கரி பிடிக்கும், மிஸ் அடிக்கும். 12 பிளக்கையும் கழற்றித் துடைக்க வேண்டும். ரோமுக்கு 1962இல் வந்தவை இரண்டே கார்கள். ஒன்று சீக்கிரமே விபத்தில் போயிற்று. மற்றது அர்மாண்டோ ஸ்பதஃபோரா போன்ற தேர்ந்த ஓட்டுநர்களின் கையில் 1968 வரை ஓடியது. அத்தகைய ஓட்டுநர் ஒரு படையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நெதர்லாந்து போலீஸ் திறந்த போர்ஷே வாங்கியது 'பகட்டுக்காக' என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. 1962இல் 356 கேப்ரியோலேயில் தொடங்கி, பின்னர் கூரையைக் கழற்றக்கூடிய 911 டார்கா என 1996 வரை போர்ஷே ஓட்டினார்கள். மேலே திறந்திருந்தால் போலீஸ்காரர் எழுந்து நின்று பின்னால் வரும் வண்டிகளுக்குக் கை காட்ட முடியும். காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டர் தொல்லை இல்லை. ஆனால் 356இல் ஒரே பெல்ட்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவையும் குளிர்விக்கும் ஃபேனையும் சுற்றுகிறது. டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்தால் 'பேட்டரிதானே, வீடு போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் வெந்துவிடும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். இன்னொன்று, இன்ஜின் பின்னால் இருப்பதால் வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினால் வால் வெளியே வீசும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்கப் பழக வேண்டும்.

கட்டுரை தொடாமலே விட்டது ஸ்பீடோமீட்டர். பின்தொடர்ந்து வேகம் அளந்து வழக்குப் போட அளவு சரிபார்த்த மீட்டர் வேண்டும். கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை 1982இல் சுமார் 400 ஃபோர்டு மஸ்டாங் கார்கள் வாங்கியபோது, போலீசுக்கென்று செய்த அந்த வகையில் அப்படிப்பட்ட மீட்டரும் இருந்தது. மீட்டர் சரியாக இருந்தாலும் டயர் தேயும். 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 6 மி.மீ. தேய்ந்தால் 2 சதவீத வித்தியாசம்: மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 98தான். டயர் மாற்றும்போதெல்லாம் மீட்டரையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். டெய்ம்லர் படத்தின் கீழே 'முன்புறப் பனிவிளக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். அது விளக்கல்ல, மணி. அன்றைய லண்டன் போலீஸ் அதை அடித்துத்தான் வழி கேட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்